அப்படியொரு விளையாட்டு இருந்ததா?

தம்பி ஃபோனில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, மன்னாரில் நான் வேலை பார்க்கும் கந்தோரில் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் இருப்பது ஜெர்மனியில். அங்கே அப்போது காலை. சுகம் விசாரிக்காமல், சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்காமல், எடுத்த எடுப்பில் ஆரம்பித்தான்.

“அக்கா, சின்ன வயசில எங்களிட்ட ஒரு கேம் இருந்ததெல்லோ? கையில பிடிச்சு விளையாடுறது. அதின்ர பேர் என்ன?”

“என்ன கேம்?”

“ஒரு பாலம். பாலம் இடைக்கிடை உடைஞ்சிருக்கும். சனம் ஒவ்வொருத்தரா அதில நடந்து வரும். கீழ தண்ணிக்குள்ள ஒருத்தன் வள்ளத்தில நிண்டு, உடைஞ்ச இடத்தில பலகையத் தூக்கிப் பிடிப்பான். பிடிக்காட்டி ஆள் தண்ணிக்குள்ள. ஆனா ஒண்டு அக்கா, ஆரும் விழப்போகினமெண்டால் திடீரெண்டு சனம் முழுக்க வந்து நிக்கும். எல்லா ஓட்டையிலயும் பலகை, எல்லா இடத்திலயும் வள்ளம். பேந்து மெல்ல மெல்ல இல்லாமப் போயிடும்.”

எனக்குப் பசி. பசி நேரத்தில் என்னிடம் நியாயமான பதிலை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. “விசரே உனக்கு? கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. அந்த ஊரில ஆர் உனக்குக் கேம் தந்தது? கனவு கண்டிருப்பாய்” என்றேன்.

 பிறகு, “அப்ப அதுவும் இல்லையோ” என்று மட்டும் கேட்டான். அந்த ‘அதுவும்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் பார்சலைத் திரும்பச் சுற்றி வைத்தேன்.

போன பனிக்காலத்தில் அவன் வேலைக்குப் போகும் வழியில் பனியில் சறுக்கி விழுந்தான். தலையில் பலமான அடி. கையும் காலும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துவிட்டன. ஞாபகம்தான் ஒழுங்காக வரவில்லை. சில விஷயங்கள் மறந்து போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நடக்காத விஷயங்களும் நடந்தவை போல வந்து உட்கார்ந்துகொண்டதுதான் பெரிய தொல்லை. தன் கலியாணத்துக்கு அப்பா வந்து முன் கதிரையில் இருந்தார் என்று ஒருநாள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறான். அப்பா இறந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நடந்த கலியாணம் அது. மூளை தன் ஓட்டைகளுக்குத் தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளும், ஒட்டு எது உண்மை எது என்று அதற்கே தெரியாது என்று டொக்டர் சொன்னாராம்.

அன்று தொடக்கம் நான் அவனுடைய சாட்சி. என்னை மாமி என்று கூப்பிடும் தன் பிள்ளைகளுக்கு எதையாவது சொல்வதற்கு முன் எனக்கு ஃபோன் எடுத்து, “அக்கா, இது நடந்ததா?” என்று கேட்பான். அடம்பனில் எங்கள் கிணற்றுக்குள் கன்றுக்குட்டி விழுந்ததா? விழுந்தது. முள்ளிக்குளத்துக் கோயில் திருநாளுக்கு மாட்டுவண்டியில் போனோமா? போனோம், ஆனால் ட்ராக்டரில். நான் நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த உத்தியோகம் எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. சின்ன வயதிலிருந்தே மற்றவர்கள் சொல்வதைத் திருத்துவது என்றால் எனக்குச் சர்க்கரைப் பொங்கல்.

இந்த முறை மட்டும் தீர்ப்பு பிழைத்துவிட்டது. அவன் மெதுவாகச் சொன்னான்: “ஆஸ்பத்திரியில கண் முழிச்ச நேரம் முதல் வந்தது அந்தக் கேம்தான் அக்கா. என்ர பேர் வரமுன்னம் அது வந்தது. அதுதான் எனக்கு வடிவா, தெளிவாத் தெரியுது. அதுவே பொய்யெண்டால் மிச்சத்தை நான் என்னெண்டு நம்பிறது? இனிப் பிள்ளையளுக்கு ஊர்க்கதை ஒண்டும் சொல்லப் போறேல்லை. பொய் சொல்ல எனக்கு ஏலாது.”

“பொறு, பொறு. நான் யோசிச்சுப் பாக்கிறன்” என்றேன். யோசிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அவன் சொன்னதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு வேறு ஒன்றுதான் தெரிந்தது. உடைந்த பாலம், கீழே வள்ளம், கடக்கிற சனம். இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது? இது மன்னார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது மன்னார்த் தீவுக்கு வரும் பாலம் போரில் உடைந்து கிடந்தது. மூட்டை முடிச்சுகளோடு சனம் வள்ளத்தில் ஏறியதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். பிறகு நாங்களே இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினோம். அடிபட்ட மூளை அந்தப் பாலத்தையும் இந்த வள்ளத்தையும் சேர்த்துத் தைத்து, அதற்கு விளையாட்டு என்று பேர் வைத்துவிட்டது. எனக்கு அது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. அதை அவனுக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆனால் பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கே ஒன்று ஞாபகம் வந்து தொலைத்தது. சிவப்பாக ஒரு சின்னப் பெட்டி. நடுவில் சாம்பல் நிறக் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒன்றுமே இல்லை. பாலமும் இல்லை, வள்ளமும் இல்லை. மழைக்கு முந்திய வானம் போல வெறும் சாம்பல். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எரிச்சலோடு நிற்கிறேன்.

இது என்ன கோதாரி? விளையாட்டு இல்லாத விளையாட்டை ஒருத்தி எப்படி ஞாபகம் வைத்திருக்க முடியும்? அது உண்மையாகவே அடம்பனில் பார்த்ததா, மண்டபம் அகதி முகாமுக்குப் பக்கத்துக் கடையில் பார்த்ததா? அல்லது மத்தியானம் தம்பி சொன்னதைக் கேட்ட பிறகு என் தலை சுடச்சுடச் செய்ததா? பனியில் விழாமலே எனக்கும் ஒட்டுப்போடும் வியாதி தொடங்கிவிட்டதோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் இதைக் கந்தோரில் பக்கத்துக் கதிரைக்காரியிடம் சொன்னேன். அவள் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவள். புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்தவள். என்னைவிட இளையவள். ஃபோனைக் கையில் பிடித்தால் உலகமே அவளுக்கு உள்ளங்கைதான்.

“இதுக்கா இவ்வளவு யோசிக்கிறீங்க அக்கா? மறந்துபோன கேம் தேடிக் குடுக்கிறதுக்கெண்டே நெட்டில ஒரு கூட்டம் இருக்குது. நாம ஞாபகம் உள்ளதை எழுதினா அவங்க கண்டுபிடிச்சுச் சொல்லுவாங்க.”

“சம்பளத்துக்கோ?”

“சும்மாதான்.”

சும்மா இப்படி ஒரு வேலை செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்களா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. போய்ப் பார்த்தால் உண்மையாகவே இருக்கிறார்கள். ஒருத்தருக்குப் பச்சை நிறத்தில் ஒரு பிராணி ஞாபகம், அது நாயா குதிரையா என்று தெரியாதாம். இன்னொருத்தருக்கு ஒரு படிக்கட்டு மட்டும் ஞாபகம். அதற்குக் கீழே ஊர் பேர் தெரியாத முப்பது பேர், கோயில் சபைக் கூட்டம் போல, அது எந்தப் படிக்கட்டாக இருக்கும் என்று சண்டை பிடிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. தலையில் அடிபடாத சனமும் இப்படித்தான் இருக்கிறது.

நானும் எழுதினேன். என் ஆங்கிலம் கந்தோர் ஆங்கிலம். ‘தயவுடன் அறியத் தருகிறேன்’ என்று தொடங்கும் வகை. அவர்கள் உடனே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எந்த வருடம்? எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தை யாரும் வருடத்தால் சொல்வதில்லை. இடம்பெயர முன்னம், இடம்பெயர்ந்த பிறகு, திரும்பி வந்த பிறகு, அவ்வளவுதான். அதை எழுதினால் அவர்களுக்கு விளங்குமா? எந்தக் கடையில் வாங்கியது? தெரியாது. திரையில் நிறம் இருந்ததா? தம்பி கறுப்பு என்கிறான், எனக்கு வெறும் சாம்பல். பொத்தான் எத்தனை? தெரியாது, தெரியாது.

எனக்குத் தெரிந்ததைவிடத் தெரியாததுதான் அந்தப் பக்கத்தில் நீளமாக இருந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொருவராக வீடியோக்களை அனுப்பினார்கள். ஒன்றில் தவளை ரோட்டைக் கடந்தது. ஒன்றில் எரிகிற வீட்டிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். ஒன்றில் குரங்கு தேங்காய் எறிந்தது. நான் ஒவ்வொன்றையும் மூன்று நான்கு தடவை பார்த்தேன். அதில் வந்த விபரீதம் என்னவென்றால், நாலைந்து நாள் போனதும் அந்தக் குரங்கை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் போல இருந்தது. சிவப்புப் பெட்டியின் சாம்பல் கண்ணாடிக்குள் ஒருநாள் தவளை இருந்தது, மறுநாள் தேங்காய் விழுந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்று சொல்வார்களே, என் கதையில் அது சொல்லுக்குச் சொல் நடந்தது.

பக்கத்துக் கதிரைக்காரி தன் பங்குக்குக் குழப்பினாள். “எங்கட வீட்டில இருந்தது செங்கல் விழுகிற கேம். வாப்பா கொண்டு வந்து தந்தது” என்றாள். அடுத்த நாள் அவளே, “உம்மாவிட்ட கேட்டன். அது எங்கட வீட்டில இல்லையாம், பக்கத்து வீட்டிலயாம். நான் ஜன்னலால எட்டிப் பார்க்கிறதாம்” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு உண்மையாகவே கவலை. இவ்வளவு காலமும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று ஒரே நாளில் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. நான் தேடிய விளையாட்டால் அவளுடைய விளையாட்டும் போனது.

இதற்கிடையில் தம்பி எடுப்பது குறைந்துவிட்டது. எடுத்தாலும் மழை, வெயில், அம்மாவின் சுகர் என்று சுற்றி வளைத்துவிட்டு வைத்துவிடுவான். ‘இது நடந்ததா’ என்ற கேள்வி நின்றுவிட்டது. அந்த உத்தியோகம் பிடித்திருந்தும், கேட்டுக் கேட்டு அரிக்கிறான் என்று இடைக்கிடை முறைப்பாடு சொன்னவளும் நான்தான். அது நின்ற பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கதை கேட்டால் தகப்பன் ஃபோனைக் கையில் கொடுத்துவிடுகிறார் என்று தம்பியின் மனைவி, என் மச்சாள், சொன்னாள்.

பிறகு ஒருநாள் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. தன் முகத்துக்குப் பதிலாகப் பூனைப் படம் போட்டிருந்த ஒருவர் அனுப்பியிருந்தார். எந்த நாட்டுக்காரர், ஆணா பெண்ணா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ‘இதுவா பாருங்கள், அதிகம் விற்காத மலிவான விளையாட்டு’ என்று ஒரு சின்ன வீடியோ.

சிவப்புப் பெட்டி. சாம்பல் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு பாலம், இடைக்கிடை ஓட்டைகள். ஒரு மனிதன் விறைத்த காலோடு தட்டுத் தட்டாக நடந்து வருகிறான். கீழே வள்ளத்தில் ஒருவன் பலகையைத் தூக்கிப் பிடிக்கிறான்.

நான் கந்தோரில் இருப்பதையும் மறந்து கத்திவிட்டேன். தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பார்க்கட்டும். தம்பி கட்டிய கதை இல்லை, மன்னார்ப் பாலம் இல்லை, உண்மையாகவே எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் செய்து பெட்டியில் அடைத்து விற்ற சாமான். தீர்ப்பு மாறிவிட்டது. வீடியோவை அவனுக்கு அனுப்பிவிட்டு அவன் எடுப்பான் என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்தான். குரலில் சந்தோசம் இல்லை.

“இதுதான் அக்கா. ஆனா இது இல்லை.”

“என்னடா கதைக்கிறாய்? பாலம் இருக்கு, வள்ளம் இருக்கு, பலகை இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு?”

“சனம் எங்க? ஒருத்தன் விழப்போற நேரம் சனம் முழுக்க வருமெல்லோ. நான் கடைசி மட்டும் பாத்திட்டன். இதில விழுகிறவன் விழுகிறான். ஒருத்தரும் வரேல்லை.”

“அது நீயாச் சேர்த்ததாக்கும்.”

“அதைத்தானே அக்கா நானும் சொல்லுறன்.”

அவன் கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அவன் ஒத்துக்கொண்டுவிட்டான்.  முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால்கூட ஒரு கனவு என்று தள்ளிவிடலாம். முக்கால்வாசி உண்மை, மிச்சம் பொய் என்றால் அவன் எந்த இடத்தில் கையை வைத்து இது நல்லது, இது பழுது என்று பிரிப்பான்? நான் உதவி செய்யப் போய் அவனுடைய சந்தேகத்துக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டேன். பூனைக்காரருக்கு எழுதிக் கேட்டேன், சனம் எல்லாம் ஒன்றாக வரும் கட்டம் ஏதும் உண்டா என்று. அப்படி ஒன்றும் இல்லை, இந்த விளையாட்டில் ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் வரவே மாட்டார்கள் என்று அவர் பதில் போட்டார்.

அம்மாவைக் கேட்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அம்மா என்னோடுதான் இருக்கிறா. இவ்வளவு நாளும் ஏன் கேட்கவில்லை என்றால், அம்மாவிடம் எதைக் கேட்டாலும் அதற்குப் பதில் வராது, அந்தக் காலத்து விலைவாசிதான் வரும். பின்னேரம் அம்மா முற்றத்துக் கதிரையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தா. நான் வீடியோவை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“அம்மா, உது எங்களிட்ட இருந்ததோ?”

அம்மா பார்த்துவிட்டு, கையில் இருந்த மணியை விடாமலே, “உந்தச் சனியனோ. உன்ர மாமன் சவூதியால கொண்டந்தது” என்றா.

எனக்கு நம்ப முடியவில்லை. “பற்றரிக்கு என்னம்மா செய்தனாங்கள்?”

“கொண்டு வந்த பற்றரி ரெண்டு கிழமை ஓடினதோ என்னவோ. பேந்து பற்றரிக்கு எங்க போறது, ஆமி அதைத்தான் ஊருக்குள்ள விடுறேல்லையே. நீங்கள் ரெண்டு பேரும் கொப்பான்ர சைக்கிளைக் கவிட்டுப் போட்டு நெடுகச் சுத்துவியள். டைனமோ உரஞ்சி உரஞ்சி டயர் தேஞ்சு போச்சு. அந்த மனிசன் அடம்பன் சந்தைக்குப் போய் டயருக்கு எத்தினை நாள் அலைஞ்சது தெரியுமே?” என்று தொடங்கி, அந்தக் காலத்து டயர் விலைக்குப் போய்விட்டா.

நான் விலையைக் கேட்கவில்லை. சைக்கிள் சுற்றிய கதையை என் வலது தோள்மூட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ரேடியோ கேட்பது என்றால் சைக்கிளைக் கவிழ்ப்பது. இருக்கையும் கைபிடியும் நிலத்தில் படும்படி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். பின்சில்லு ஓடும், சில்லில் உரசும் டைனமோ சுழலும், லைட்டுக்குப் போக வேண்டிய வயர் ரேடியோவுக்குப் போகும். சுற்றினால் செய்தி, நிறுத்தினால் மௌனம். ரேடியோ திருத்துகிற ஒருவர் நடுவில் ஏதோ சின்னச் சாமான் ஒன்றை ஒட்டிக் கொடுப்பார். வீட்டுக்கு வீடு இதுதான் வழக்கம். ரேடியோவுக்கு நான் சுற்றியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதே வயரில் தம்பியின் விளையாட்டையும் கொழுவினோம் என்பதுதான் சுத்தமாக அழிந்து போயிருந்தது.

அம்மாவின் வாயிலிருந்து டயர் வந்தவுடன் மிச்சமும் வந்தது. வயர் கட்டை, நீளம் போதாது. தம்பி அப்பாவின் சைக்கிளுக்கு அந்தப் பக்கத்தில் குந்தியிருப்பான். நான் இந்தப் பக்கத்தில் சுற்றுவேன். எனக்குத் தெரிவது அவனுடைய நெற்றியும் பெட்டியின் சிவப்பு முதுகும்தான். பற்றரி இருந்த நாளில் அவன் அதைக் கையைவிட்டு விட்டதே இல்லை. ‘இப்ப என்ர முறை’ என்று பறித்தால், சுற்ற வேண்டியது அவன். அந்த நோஞ்சான் கைக்குச் சில்லு ஒழுங்காக ஓடாது. கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நான் வெறும் சாம்பலைப் பார்த்து எரிச்சல்பட்டுவிட்டு, “இந்தா, நீயே விளையாடு” என்று கொடுத்துவிட்டுத் திரும்பச் சுற்றப் போவேன். அப்படியானால் என் ஞாபகமும் பொய் இல்லை. நான் பார்த்தது அதைத்தான்.

சனம் மட்டும் இன்னும் விளங்கவில்லை. அன்றைக்கே இந்தச் சைக்கிள் விஷயத்தை அந்தக் கூட்டத்துக்கு எழுதினேன். இவ்வளவு நாளும் ஒற்றை வரியில் பதில் போட்டவர்கள் வெறும் வாயில் அவல் விழுந்த மாதிரிப் பாய்ந்து வந்தார்கள். சைக்கிளா? கையாலா? ஏன்? பற்றரி கடையில் இல்லையா? ஒருவர், அந்தச் சாமான் எரிந்து போகாதது அதிசயம் என்றார். இன்னொருவர் நான் கதை விடுகிறேன் என்றார். அவருக்கு நல்ல பதில் ஒன்று எழுதி, பக்கத்துக் கதிரைக்காரி சொன்னதால் அழித்தேன்.

பூனைக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியில் வந்து ஃபோனைத் திறந்தால் அவரிடமிருந்து இன்னொரு வீடியோ. தன்னிடம் இருந்த அதே சிவப்புப் பெட்டியிலிருந்து பற்றரியைக் கழற்றிவிட்டு, மேசையில் ஒரு மின்சாரக் கருவியோடு வயரால் இணைத்திருந்தார். ஒரு கை அந்தக் கருவியின் திருகியை மெல்லத் திருப்புகிறது. மின்சாரம் குறைவாக இருக்கும்போது கண்ணாடி வெறும் சாம்பல். இன்னும் திருப்ப, பாலம் வருகிறது, நடக்கிறவன் வருகிறான். இன்னும் கொஞ்சம் திருப்ப, ஐயோ, எல்லோரும் வருகிறார்கள். பாலம் நிறையச் சனம். ஒவ்வொரு ஓட்டையிலும் பலகை. தண்ணீர் முழுக்க வள்ளம், வள்ளம், வள்ளம். கை திருகியைப் பின்னால் திருப்ப, அவர்கள் மெல்ல மெல்ல இல்லாமல் போகிறார்கள்.

கீழே விளக்கமும் எழுதியிருந்தார். இந்த வகை விளையாட்டில் ஆட்கள் உண்மையில் நகர்வதில்லையாம். ஆள் நிற்கக்கூடிய எல்லா இடங்களிலும் முன்கூட்டியே ஓர் ஆளைக் கண்ணாடிக்குள் பதித்து வைத்திருக்கிறார்களாம். எவன் தெரிய வேண்டுமோ அவனுக்குப் போகும் மின்சாரத்தில் அவன் கறுப்பான். மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் ஒளிந்திருக்கிற எல்லோரும் தெரிந்துவிடுவார்களாம். ‘உங்கள் தம்பி சரியாகத்தான் பார்த்திருக்கிறார். பற்றரி போட்டு விளையாடிய எங்களில் யாரும் இதைப் பார்த்ததில்லை’ என்று முடித்திருந்தார்.

கோயில் வாசலில் நின்றபடியே தம்பிக்கு அனுப்பினேன். அம்மா, வெயில் ஏறுது, வா போவம் என்று கையைப் பிடித்து இழுத்தா. நான் அசையவில்லை.

அவன் உடனே எடுத்தான். “சனம்” என்றான். “அக்கா, இந்தச் சனம்தான். இதே மாதிரித்தான் வரும். இதே மாதிரித்தான் போகும்.”

அம்மா சொன்னதையும் பூனைக்காரர் எழுதியதையும் சொன்னேன். சைக்கிள், டைனமோ, தேய்ந்த டயர், கட்டை வயர்.  எல்லாம் முடிந்த பிறகு ஒன்று கேட்டான்.

“அப்ப ஏன் ஆரும் விழப்போற நேரம் மட்டும் வந்தது? மற்ற நேரம் வராது அக்கா. எனக்கு வடிவாத் தெரியும்.”

அதற்குப் பூனைக்காரரிடம் பதில் கிடையாது. என்னிடம் இருந்தது.

“விழப்போறான், விழப்போறான் எண்டு நீ கத்துவாய். நான் என்ன கண்டனான்? எனக்கு உன்ர நெத்தி மட்டும்தான் தெரியும். ரேடியோச் சத்தம் இறங்கினால் கெதியாச் சுத்திறதெல்லோ. அது மாதிரிக் கெதியாச் சுத்தினால் உன்ர ஆள் விழமாட்டான் எண்டு நினைச்சனான். நீ கத்தக் கத்த நான் பேய் பிடிச்ச மாதிரிச் சுத்துவன். கை விட்டுப் போற மாதிரி நோகும்.”

அவன் சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். பூசை முடிந்து போகிற சனம் எல்லாம் பார்க்கப் பார்க்க, அம்மா “என்னடி, என்ன நடந்தது, ஆருக்கு என்ன?” என்று பதற, வெட்கமில்லாமல் அழுதேன்.

தம்பி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஃபோனை வைக்கவும் மறந்துவிட்டான். பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கதிரை இழுபடும் சத்தம், சின்னக் கால்கள் ஓடி வரும் சத்தம். ‘இது நடந்ததா’ என்று என்னிடம் ஒரு சொல் கேட்காமல் அவன் சொல்லத் தொடங்கினான். எங்கள் சைக்கிளுக்குப் பச்சை நிறம் என்றான். அது கறுப்பு. திருத்துவதற்கு வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

“... அப்ப அவன் தண்ணிக்குள்ள விழப்போறான். நான் கத்துறன். உடன எங்க இருந்தோ தெரியாது, சனம் முழுக்க ஓடி வந்து நிக்குது. அவ்வளவு சனம். அவ்வளவு வள்ளம். அது முழுக்க ஆர் தெரியுமோ? உங்கட மாமி.”